மும்பை ஈரத்துக்கு மடக்குக் கத்தி: எந்த ஸ்டீல், எந்தப் பிடி?

ஸ்டீலின் பெயரை மட்டும் பார்த்துக் கத்தி வாங்காதீர்கள். அது வருஷம் முழுக்க எங்கே கிடக்கப் போகிறது, எதை வெட்டப் போகிறது, மழுங்கினால் யார் தீட்டப் போகிறார்கள், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கடைக்காரர் நீட்டும் பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப் போகும். நான் இருப்பது செம்பூரில். ஜூன் பிறந்தால் பீரோவுக்குள் தொங்கும் தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும், ஜன்னல் கம்பியில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு ஏறும். இந்த ஊரில் கத்தியைக் கெடுப்பதில் காற்றுக்குத்தான் முதல் இடம்.

எந்த மாதிரிக் கத்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோல்டிங் ஹன்டர் என்று விற்கிறார்களே, அது. மூன்றரை, நாலு அங்குல அலகு, நன்றாக வயிறு வைத்த கூர், திறந்ததும் விழுகிற பூட்டு, கை நிறையப் பிடி. பக் கம்பெனி 1964-ல் கொண்டுவந்த 110-தான் இந்த வகைக்கே இலக்கணம்: 3.75 அங்குல அலகு, கருங்காலி மரப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை, எடை 200 கிராமுக்கு மேல். அமெரிக்காவில் அதை வைத்து மான் உரிக்கிறார்கள். நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்த வடிவம் நமக்கும் உதவும். ஆர்னாளாவிலோ அலிபாகிலோ தூண்டில் போட்டுப் பிடித்த மீனை அங்கேயே சுத்தம் செய்ய, ராஜ்மாச்சியில் கூடாரம் போட்ட இடத்தில் கோழியைத் துண்டு போட, கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க என்று இந்த ஒரு கத்தி எல்லாவற்றுக்கும் போதும்.

இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற சிபாரிசுகளில் பெரும்பாலானவை மொன்டானா, கொலராடோ மாதிரி வறண்ட குளிர் ஊர்களில் இருந்து வருபவை. அங்கே மான் தோலில் ஒட்டியிருக்கும் மண்ணும் முரட்டு முடியும் கூரைத் தேய்த்துவிடும், அதனால் தேயாத ஸ்டீல் வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயம். நாம் வெட்டுவது வழவழவென்ற மீன், அதுவும் உப்புத் தண்ணீரில், முடித்ததும் ஈரத்தோடு பைக்குள் போட்டுக்கொண்டு விரார் லோக்கலில் ஏறிவிடுகிறோம். இங்கே துருப்பிடிக்காமல் இருப்பது முதல் தகுதி, எளிதாகத் தீட்ட முடிவது இரண்டாவது, நாள்கணக்கில் கூர் நிற்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றி வாங்குகிறவர்கள் நல்ல காசு கொடுத்துத் துருவை வாங்குகிறார்கள்.

குரோமியம் கணக்கு

ஸ்டெயின்லெஸ் என்றால் குரோமியம் என்று எல்லோருக்கும் தெரியும். குரோமியம் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றை அலகின் மேல் போட்டுக்கொள்கிறது, அந்தப் படலம் இருக்கும் வரை உள்ளே இருக்கிற இரும்பு தப்பிக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அதனால்தான் கடற்கரைத் துரு பரவலாக வராமல் ஊசி குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்து வருகிறது. குழி ஒருமுறை விழுந்துவிட்டால் தேய்த்தாலும் போகாது.

பலர் கவனிக்காத விஷயம், பெட்டியில் எழுதியிருக்கும் குரோமிய சதவீதம் முழுவதும் இந்த வேலைக்கு வராது. கூர் நிற்பதற்காக ஸ்டீலில் கார்பனைக் கூட்டும்போது அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்து கார்பைடு என்ற கெட்டித் துகளாக மாற்றிவிடுகிறது. அப்படி மாட்டிக்கொண்ட குரோமியம் பேங்க் லாக்கரில் வைத்த நகை மாதிரி, கணக்கில் இருக்கும், கழுத்தில் இருக்காது. டி2 ஸ்டீலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12-க்குப் பக்கம். படிக்கும்போது ஸ்டெயின்லெஸ் மாதிரித் தெரிந்தாலும் அந்தக் குரோமியத்தில் ஒரு பெரிய பங்கு கார்பைடுக்குள் போய்விடுவதால் மும்பை மழைக்காலத்தில் ஆரஞ்சுப் புள்ளி வராமல் இருக்காது. இதற்கு நேர் எதிர் உதாரணம் மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-ல் வெளிவந்த ஸ்டீல் இது. குரோமியம் 10.7 சதவீதம்தான், டி2-வை விடக் குறைவு. ஆனால் பதம் போட்ட பிறகு, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்திய பிறகு, அதில் குரோமியக் கார்பைடே மிஞ்சாதபடி கலவையை அமைத்திருக்கிறார், வனேடியமும் நியோபியமும் கார்பனை எடுத்துக்கொள்கின்றன, குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கும் வேலைக்கே மிஞ்சுகிறது. அதனால் 14 சதவீதக் குரோமியம் வைத்த எஸ்30வி என்ற ஸ்டீலை விடவும் துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் இது பிடிபடவே பிடிபடாது.

நம்ப முடியாவிட்டால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அலகை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெயை எடுத்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு கரைத்து, டிஷ்யூ பேப்பரை நனைத்து அலகின் மேல் ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பேப்பரை உரித்தால், கார்பன் ஸ்டீல் என்றால் பேப்பரிலேயே பழுப்பாக அலகின் உருவம் பதிந்திருக்கும். டி2 என்றால் அங்கங்கே டீக் கறை போலப் புள்ளிகள், முக்கியமாகக் கூர் முனையை ஒட்டியும் கம்பெனி பெயர் செதுக்கிய எழுத்துக்குள்ளும். 14சி28என் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பேப்பர் பெரும்பாலும் வெள்ளையாகவே வரும். கடையில் வாங்கியதும் இதைச் செய்து பார்த்துவிட்டால் எவ்வளவு பராமரிப்பு தேவைப்படும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

அலகின் மேற்பரப்பும் இதில் சேர்த்தி. மணல் அடித்த மாதிரி மங்கலாக இருக்கும் ஃபினிஷில் கோடிக்கணக்கான சின்னக் குழிகள் இருக்கும், உப்புத் தண்ணீர் அதில்தான் தங்கும். அதே ஸ்டீலைப் பளபளவென்று பாலிஷ் போட்டால் துரு வருவது நன்றாகக் குறைந்துவிடும். மங்கல் அலகு படத்துக்கு அழகாக இருக்கிறது, கடற்கரைக்கு ஆகாது.

சரி, எதை வாங்குவது

என்னைக் கேட்டால் இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு 14சி28என் போதும். ஸ்வீடனில் செய்கிற ஸ்டீல், கார்பன் 0.62, குரோமியம் 14, கூடவே 0.11 சதவீதம் நைட்ரஜன். அந்தக் கொஞ்சம் நைட்ரஜன் துருவுக்கும் கெட்டித்தன்மைக்கும் இரண்டுக்குமே உதவுகிறது. கார்பைடுத் துகள்கள் ரொம்பப் பொடியாக இருப்பதால் மெல்லிய கூர் நிற்கும், பொக்கை விழாது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணக் கார்போரண்டம் கல்லிலேயே தீட்டிவிடலாம். அதன் அண்ணன் 12சி27-உம் நல்லதுதான். ஓபினெல் கத்திகளில் ஸ்டெயின்லெஸ் என்று வருவது அது.

420 ஹெச்சி-யை மட்டமான ஸ்டீல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கார்பன் 0.45 அளவில்தான் இருக்கும், குரோமியம் 13. பேப்பரில் ஒன்றுமில்லை. ஆனால் பக் அதைச் சரியாகப் பதம் போட்டு ராக்வெல் என்ற கெட்டித்தன்மை அளவுகோலில் 58-க்குக் கொண்டுவந்து வருஷக்கணக்கில் விற்கிறது, வாங்கியவர்கள் குறை சொல்வதில்லை. மீன் வெட்டிவிட்டு ஐந்து நிமிஷம் கல்லில் இழுத்தால் மறுபடி சவரக் கூர். விக்டோரினாக்ஸ் இன்னும் மென்மையாக, ராக்வெல் 56 அளவில் வைத்திருக்கிறது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் டீக்கப்பின் அடியில் பளபளப்பு இல்லாத விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தாலே திரும்பி வந்துவிடும். துருவா, பேச்சே இல்லை.

8சிஆர்13எம்ஓவி, ஆஸ்-8 இரண்டும் குறைந்த விலையில் அதிகம் காணக் கிடைப்பவை, இரண்டும் ஏறக்குறைய ஒரே ஜாதி. நல்ல கம்பெனி பதம் போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம், துடைத்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டும். 154சிஎம், விஜி-10, எஸ்35விஎன் எல்லாம் அடுத்த படி. கூர் ரொம்ப நேரம் நிற்கும், துருவுக்கும் பரவாயில்லை. எஸ்30வி, எஸ்35விஎன் வகையில் வனேடியக் கார்பைடு இருக்கிறது, அது சாதாரண அலுமினியம் ஆக்ஸைடு கல்லை விடக் கெட்டி. அதனால் அந்தக் கல்லில் எவ்வளவு இழுத்தாலும் துகளைச் சுற்றியுள்ள இரும்புதான் தேயுமே தவிர துகள் அசையாது. வைரத் தூள் ஒட்டிய தகடு ஒன்றும் சேர்த்து வாங்கினால்தான் இந்த ஸ்டீல் உங்களுக்கு உதவும். தகடு வாங்க மனமில்லை என்றால் ஸ்டீலையும் விட்டுவிடுங்கள்.

கடலுக்கே நேர்ந்துவிட்ட கத்தி வேண்டும், படகில் போகிறேன், வாரத்துக்கு இரண்டு நாள் உப்பில்தான் என்றால் ஹெச்1, எல்சி200என் என்ற ஸ்டீல்கள் பக்கம் போங்கள். இரண்டிலும் கார்பன் கம்மி, அந்த இடத்தில் நைட்ரஜன். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அலகு அசையாது. ஸ்பைடர்கோ கம்பெனி தன்னுடைய சால்ட் வரிசையில் இவற்றைப் போட்டு வந்தது. ஹெச்1 சீக்கிரம் மழுங்கும், பற்கள் வைத்த அலகாக வாங்கினால் அந்தக் குறை தெரியாது.

கார்பன் ஸ்டீல் பற்றியும் சொல்ல வேண்டும், நமக்கு அதன் மேல் தனிப் பாசம் உண்டு. திருப்பாச்சேத்தி அரிவாள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எவர்சில்வர் அலகு ஒரு கத்தியாகவே தோன்றாது. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, நல்ல ஆசாரி தோய்ச்சல் வைத்துக் கொடுத்த அலகின் கூருக்கும் உழைப்புக்கும் இன்றைக்கும் மதிப்பு உண்டு. கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்வில் உருக்கு செய்த உலைகளே கிடைத்திருக்கின்றன, அந்த வழியில் வந்தவர்கள் நாம். ஆனால் அரிவாள் திறந்து கிடக்கும், ஒரு துணியால் துடைத்தால் முடிந்தது. மடக்குக் கத்தியில் அலகு நாளெல்லாம் பிடிக்குள், காற்றில்லாத இடுக்கில், பாக்கெட் வியர்வையோடு கிடக்கிறது. மும்பையில் கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி வேண்டுமானால் தினம் துடைத்து எண்ணெய் தடவும் மனசு வேண்டும். உங்களிடம் அது இருந்தால் ஓபினெல் கார்பன் அலகு அருமையான கத்தி. எலுமிச்சையோ மாங்காயோ வெட்டி வெட்டி அது சாம்பல் நிறத்துக்குத் திரும்பும், அந்தக் கருமை படர்ந்த பிறகு சிவப்புத் துரு கொஞ்சம் மட்டுப்படும்.

டமாஸ்கஸ் என்று அலை அலையான கோடுகளோடு மலிவாக விற்கும் மடக்குக் கத்திகளை வாங்காமல் இருப்பது நல்லது. அவை இரண்டு ஸ்டீலை அடுக்கி அடித்து ஆசிட்டில் கோடு எடுத்தவை. நம் பழைய உருக்கு வேறு, இது வேறு. என்னென்ன ஸ்டீல் உள்ளே போனது என்று விற்பவருக்கே தெரியாது, பெரும்பாலும் துருப்பிடிக்கும் ஜாதிதான். ஆசிட் அரித்த பள்ளங்களில் ஈரம் தங்கி முதல் மழையிலேயே கோடு பழுப்பாகிவிடும்.

பதமும் கனமும்

ஸ்டீலின் பெயர் பாதிக் கதைதான். அதே 8சிஆர்13எம்ஓவி ஒரு கம்பெனியிடம் நல்ல கத்தியாக வரும், இன்னொருவரிடம் வெண்ணெய்க் கத்தியாக வரும், வித்தியாசம் தோய்ச்சலில் இருக்கிறது. எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தார்கள், எவ்வளவு வேகமாகக் குளிர்வித்தார்கள், அப்புறம் எத்தனை டிகிரியில் பதத்தை இறக்கினார்கள் என்பதுதான் கத்தியின் குணம். இதில் பொய் சொல்வது ரொம்பச் சுலபம், அலகின் மேல் எதை வேண்டுமானாலும் லேசரில் எழுதலாம். ராக்வெல் எண்ணை வெளிப்படையாகப் போடுகிற கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாக்தேவி தெருவில் ஆறு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒரு துண்டு வாங்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே கம்பியைக் கிடத்தி, தீட்டுகிற கோணத்தில் கூரை அதன் மேல் வைத்து மெல்ல அழுத்தியபடி நகர்த்துங்கள். கூர் முனை கம்பிக்கு மேல் லேசாகப் புடைத்து, நகர்ந்ததும் பழையபடி நேராகிவிட்டால் பதம் சரி. மடங்கி மடங்கியே நின்றால் அலகு மென்மை. முனையில் மினுக்மினுக்கென்று சில்லு தெறித்தால் தேவைக்கு மேல் கெட்டி. மடக்குக் கத்திக்கு முதல் குறையே பரவாயில்லை, தீட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். சில்லு தெறிக்கும் கூரைக் காட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

இன்னொன்று, கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு கனம் என்று பாருங்கள். எத்தனை உசத்தி ஸ்டீலாக இருந்தாலும் கூருக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் கனம் வைத்திருந்தால் அது ஆப்பு, வெட்டாமல் பிளக்கும். அரை மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் கோழி மூட்டும் மீன் செதிலும் சுகமாகப் போகும். கனம் அளக்க வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு தக்காளியோ கேரட்டோ போதும். கேரட் பாதியில் டக்கென்று உடைந்தால் அலகு தடி, கடைசி வரை அறுபட்டு வந்தால் நல்ல கத்தி. மழுங்கியதும் தெருவில் சைக்கிள் சக்கரத்தில் சாணை பிடிக்கிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அவர் திறமைசாலியாகவே இருக்கட்டும், காய்ந்த கல்லில் பொறி பறக்கும்போது அந்த மெல்லிய முனை நொடியில் சூடேறி கம்பெனி போட்ட பதம் இறங்கிவிடும்.

பிடி

ஈரக்கையில் பிடித்துப் பார்க்காமல் பிடியைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். கடையில் ஏசியில் காய்ந்த கையோடு பிடித்தால் எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். மீன் குழம்புக்கு வாவலோ கெளுத்தியோ சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், அந்த வழவழப்பில் விரல் ஒரு முறை முன்னால் வழுக்கினால் கூரில் போய்த்தான் நிற்கும். அதனால் முதலில் வடிவம்: சுட்டுவிரல் முன்னால் போகாமல் தடுக்கும் ஒரு மேடு அல்லது பள்ளம் கட்டாயம் இருக்க வேண்டும். பொருள் அதற்குப் பிறகு.

பொருளில் எனக்குப் பிடித்தது மிகார்டா. துணியோ பேப்பரோ அடுக்கி பீனாலிக் ரெசினில் அழுத்திச் செய்வது. கான்வாஸ் துணி வைத்ததைப் பாலிஷ் போடாமல் விட்டால், நனைந்ததும் மேலே நிற்கும் நூல்கள் லேசாக உப்பி இன்னும் கெட்டியாகக் கையைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் பிடிப்பு கூடும் பொருள் வேறு எதையும் எனக்குத் தெரியாது. பாலிஷ் போட்ட மிகார்டாவுக்கு இந்தக் குணம் கிடையாது, அது கண்ணாடி. நம் ஊரில் இதே ஜாதிப் பொருள் ஹைலம் ஷீட் என்ற பெயரில் எலக்ட்ரிக் வேலைக்கு விற்கிறது, லோஹார் சாலில் கேட்டுப் பாருங்கள், பேப்பர் ஹைலமா துணி ஹைலமா என்று மட்டும் சொல்லிக் கேளுங்கள், நமக்கு வேண்டியது துணி. பழைய கத்தியில் பிடித் தகடு ஸ்க்ரூ போட்டதாக இருந்தால் அதைக் கழற்றி மேலே வைத்து வரைந்து மூன்று மில்லிமீட்டர் ஷீட்டில் புதிதாக அறுத்துப் போட்டுக்கொள்ளலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஜி10 என்பது கண்ணாடி இழையை எபாக்ஸியில் அடுக்கியது. தண்ணீர் குடிக்காது, உப்பாது, சுருங்காது, உடையாது. ஈரத்துக்கு இதை விட உறுதியான பிடி குறைவு. சொரசொரப்பு அதிகமாக இருந்தால் பேன்ட் பாக்கெட்டைக் கிழிக்கும், கிளிப் உட்காரும் இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டு 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் போதும். தேய்க்கும்போது கண்டிப்பாக மாஸ்க் போடுங்கள், ஈரமாகவே தேயுங்கள். அந்தக் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஹைலம் தூளும் அப்படித்தான்.

கண்ணாடி இழை கலந்த நைலான் பிடியைப் பிளாஸ்டிக் என்று இகழ்வார்கள். எடை குறைவு, விலை குறைவு, சோப்புப் போட்டுக் கழுவலாம், மீன் வாடை தங்காது. மலையேறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், அதுவும் ஆரஞ்சு நிறத்தில். ஹரிச்சந்திரகட்டில் இடுப்பளவு புல்லில் கறுப்புக் கத்தி விழுந்தால் தேடிக்கொண்டே இருக்கலாம். ஆனால் ரப்பர் பூச்சுப் பூசி மெத்தென்று இருக்கும் பிடி வேண்டாம். நம் புழுக்கத்தில் சில வருஷத்தில் அந்தப் பூச்சு பிசுபிசுவென்று உருகினாற்போல ஒட்ட ஆரம்பிக்கும், பழைய டார்ச் லைட்டுகளில் பார்த்திருப்பீர்கள்.

மரம் என்றால் ஈட்டியும் கருங்காலியும் தேக்கும். பார்க்க இவற்றுக்கு ஈடில்லை, கையில் சூடும் குளிரும் ஏறாது. ஆனால் மரம் ஈரம் குடிக்கும். ஓபினெலின் பீச் மரப் பிடி மழையில் நனைந்தால் உப்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது, பிடியின் அடியைக் கல்லில் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். மே மாதமே பிடியைக் காயவைத்து ஆளி விதை எண்ணெயை மூன்று நாலு முறை ஊறவிட்டுத் துடைத்தால் இது பெருமளவு குறையும். ரெசினை வெற்றிடத்தில் உள்ளே ஏற்றிய ஸ்டெபிலைஸ்டு மரம் கிடைத்தால் இந்தக் கவலை இல்லை.

மான் கொம்புப் பிடி பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மேலை நாட்டு வேட்டைக் கத்திகளில் ஒரு காலத்தில் நம் கடமான் கொம்புதான் பெருமையாகப் போனது. இன்றைக்கு இங்கே அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும், தானாக உதிர்ந்த கொம்பு என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். எருமைக் கொம்பு, ஒட்டக எலும்பு வைத்தவை வருகின்றன. கொம்பு ஈரத்துக்கும் வறட்சிக்கும் மாறி மாறி வளையும், எலும்பின் நுண்ணிய துளைகளில் ரத்தமும் மீன் வாடையும் தங்கும். அலமாரியில் வைத்துப் பார்க்க அழகு.

உலோகத்தில் டைட்டானியம் துருவே பிடிக்காது, ஆனால் விலை அதிகம், ஈரத்தில் வழுக்கும். அலுமினியத்தின் சாயப்பூச்சு கீறிய இடத்தில் உப்பு அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். பித்தளை பச்சை பிடிக்கும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். அந்தப் பித்தளை வாசனை கையோடு வந்து சோற்றில் கலப்பதை எல்லோரும் விரும்ப மாட்டார்கள்.

பிடிக்குள்ளே

பிடித் தகட்டுக்கு அடியில் இருப்பதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. அலகு துருப்பிடிக்காத ஸ்டீல் என்று நிம்மதியாக இருப்போம், உள்ளே லைனரும் (பிடிக்கு உட்புறம் இருக்கும் உலோகத் தகடு) ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் வேறு ஸ்டீல். கடற்கரையில் ஓடிய கத்தியை டி6, டி8 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் போட்டுக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: அச்சாணியைச் சுற்றிக் கருப்பாக ஒரு பசை, அதில் செதில், உப்பு, பாக்கெட் நூல், மணல் எல்லாம், தகட்டில் அலகு உரசாத மூலையில் வட்டமாகப் பழுப்பு. பேரிங் குண்டு வைத்த கத்தி வழுக்கிக்கொண்டு திறக்கும், கடையில் விளையாடிப் பார்க்க இன்பமாக இருக்கும், ஆனால் மணல் ஒரு துகள் போனால் கரகரவென்று அரைக்கும், குண்டும் துருப்பிடிக்கும். மீன், மணல், மழை என்று போகிறவர்கள் பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் வைத்ததை வாங்குங்கள். பிடியின் முதுகுப் பக்கம் மூடாமல் திறந்திருந்தால் குழாயடியில் காட்டினாலே அலசிக்கொண்டு போகும். இந்த ஒரு விஷயத்தில் பழைய மாதிரிப் பித்தளைப் பிடிக் கத்தி தோற்றுப் போகிறது, அதன் முதுகு முழுக்க அடைத்திருக்கும், ஆணி அடித்த உடம்பு, கழற்றவும் முடியாது.

கடையில் பார்க்கும்போது அலகைத் திறந்து பூட்டிவிட்டு இடவலமும் மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மூடியிருக்கும்போது அலகு நடுவில் நிற்கிறதா, லைனரில் உரசுகிறதா என்று பாருங்கள். பூட்டியபின் முதுகைக் கையால் அழுத்தினால் பூட்டு நழுவக் கூடாது, விரல்கள் கூர் வழியில் இல்லாமல் பார்த்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ், ஃபேன் காற்றில் திறந்தபடி ஒரு மணி நேரம். எண்ணெய்க்கு மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் வாங்குங்கள், வாய்க்குப் போனாலும் கெடுதல் இல்லை, கெட்டுப் போகாது. கடலை எண்ணெய் நாளடைவில் பிசினாகி அச்சாணியை ஒட்டவைக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், டிசம்பர் காலையில் மலை மேல் கத்தி திறக்க மறுக்கும். தோல் உறை போட்ட கத்தியை உறைக்குள்ளேயே வைத்து மூடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகிலும் பித்தளையிலும் ஏற்றும். உறை தனி, கத்தி தனி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனதாக இல்லாவிட்டால், ஆயுதக் கணக்கில் வரும். நாம் பேசும் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் மகாராஷ்டிராப் போலீஸ் சட்டம் 37-ஆம் பிரிவில் தடை உத்தரவு போட்டிருக்கும் நாட்களில் எந்தக் கத்தியையும் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது, பண்டிகை, தேர்தல் சமயங்களில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். மற்ற நாட்களிலும் இடுப்பில் செருகாமல் மீன்பிடிச் சாமான் பெட்டிக்குள் தூண்டிலோடு சேர்த்து வையுங்கள், கேட்பவருக்குப் பார்த்ததும் புரியும். ஊருக்கு விமானத்தில் போனால் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் மறந்துவிட்டால் பாதுகாப்புச் சோதனையிலேயே கத்தி போய்விடும்.